லேப்டாப்புக்கு எத்தனை வயது?

பழைய லேப்டாப்பைச் சரிசெய்வதா, புது டெஸ்க்டாப் வாங்குவதா என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்பவர்கள் இரண்டு வகை. ஒருவர் புதுசு விற்பவர். இன்னொருவர் ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு எதைப் பிரிக்கலாம் என்று காத்திருப்பவர். நிதானமாகப் பதில் சொல்ல ஒரு டீ குடிக்கும் நேரமாவது வேண்டும். சில சமயம் இரண்டு டீ.

இப்போது கேட்டிருப்பவர் எங்கள் தெரு அக்கா. திருப்பூரில் இரண்டு மூன்று சின்ன பனியன் கம்பெனிகளுக்கும் ஒரு காஜா பட்டன் யூனிட்டுக்கும் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறார். டேலியில் பில் போடுவது, மாதம் பிறந்தால் ஜிஎஸ்டி தாக்கல், நடுநடுவே வாட்ஸ்அப்பில் வந்து விழும் எக்செல் கோப்புகள். லேப்டாப் 2016இல் வாங்கியது. இன்டெல் ஐ5 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. "காலைல ஆன் பண்ணி வெச்சுட்டு வாசல் கூட்டிக் கோலம் போட்டுட்டு வந்தாக்கூட இன்னும் சுத்திட்டேதான் இருக்குதுங்க தம்பி" என்றார். பேட்டரி கால் மணி நேரம்கூட நிற்பதில்லை. கடையில் காட்டியிருக்கிறார். "பத்து வருசப் பழசுங்க. இதுக்குப் போயி செலவு பண்ணாதீங்க, ஒரு டெஸ்க்டாப் எடுத்துருங்க" என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பத்து வருடக் கணக்கில்தான் சிக்கல். கணினிக்கு ஒரே வயது கிடையாது. அதற்குள் குறைந்தது மூன்று வயதுகள் ஓடுகின்றன. ஹார்ட் டிஸ்க், பேட்டரி, மின்விசிறி, மூடித் திறக்கும் கீல், விசைப்பலகை ஆகியவை புழங்கப் புழங்கத் தேய்பவை. பிராசஸர், ராம், மதர்போர்டு அப்படித் தேய்வதில்லை. வேலை செய்யும்வரை முதல் நாள் செய்த வேகத்திலேயே செய்யும், நின்றால் ஒரேயடியாக நிற்கும். மூன்றாவது மென்பொருளின் வயது. அதை நிர்ணயிப்பது நம் புழக்கம் அல்ல, அதைத் தயாரித்த நிறுவனம். எந்த வயது முடிந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் சரிசெய்வதா, மாற்றுவதா என்ற கேள்வி பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

மெதுவாக இருப்பது யார்?

லேப்டாப் மெதுவாகிவிட்டது என்பார்கள். எந்தப் பாகம் மெதுவாகிவிட்டது என்று பார்க்க ஒரு பைசா செலவில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமான வேலையைச் செய்துகொண்டே அதில் சிபியு, மெமரி, டிஸ்க் என்ற மூன்று எண்களைக் கவனித்தால் போதும். அக்காவின் லேப்டாப்பில் சிபியு 20 சதவீதத்தைத் தொட்டுத் தொட்டு இறங்கியது. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அதாவது பிராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கிறது, ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்து கொடுப்பதற்காகக் காத்திருக்கிறது.

ஏன் இப்படி? லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குக்குள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் தட்டு இருக்கிறது. அதன்மேல் ஒரு கை நகர்ந்து நகர்ந்து, தகவல் இருக்கும் இடத்தைத் தேடிப் படிக்கிறது. கூட்டம் பிதுங்கும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் வரிசையாக நின்றால் மளமளவென்று முடித்துவிடுவார். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் ஒருவர் என்று மாறி மாறிக் கூப்பிட்டால் அவர் நேரமெல்லாம் நகர்வதிலேயே போய்விடும். பெரிய சினிமாக் கோப்பு ஒன்றை வரிசையாகப் படிக்கும்போது ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி அளவில் ஓடும். ஆனால் விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைக் கேட்கிறது. அப்படிச் சிதறிய இடங்களில் நொடிக்கு நூறைக்கூட அந்தக் கையால் தொட முடியாது.

எஸ்எஸ்டியில் நகரும் கையே இல்லை. எல்லாம் சிப். சிதறிய இடங்களில் நொடிக்குப் பல்லாயிரம் படிப்புகள் அதற்குச் சாதாரணம். பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் இருக்கும் அதே இடத்தில், அதே சாட்டா இணைப்பில், இரண்டரை அங்குல எஸ்எஸ்டி அப்படியே உட்காரும். அந்த இணைப்பின் உச்ச வேகம் நொடிக்கு 550 எம்பிக்குச் சற்று மேலே. இன்றைய என்விஎம்இ வகை எஸ்எஸ்டிகள் இதைவிடப் பல மடங்கு வேகம்தான். ஆனால் டேலியும் எக்செலும் பிரௌசரும் ஓட்டுகிறவருக்கு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு வருவதுதான் கண்ணுக்குத் தெரியும் பாய்ச்சல். அதற்கு மேல் கிடைப்பது பெரும்பாலும் எண்களில் மட்டும் தெரியும்.

அடுத்தது ராம். 4 ஜிபி இன்று போதாது. விண்டோஸே பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. பிரௌசரில் நாலு தாவல் திறந்தால் மிச்சமும் போய்விடும். ராமில் இடமில்லாதபோது விண்டோஸ் டிஸ்க்கின் ஒரு பகுதியையே ராமாகப் பாவித்துக்கொள்ளும். ஏற்கெனவே திணறும் ஹார்ட் டிஸ்க்குக்கு இது இன்னொரு சுமை. கணக்கு வேலைக்கு 8 ஜிபி இருந்தால் ஓடும், 16 இருந்தால் நிம்மதி. வாங்கும்முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2015, 2016 காலத்து லேப்டாப்களில் சிலவற்றில் டிடிஆர்3எல், சிலவற்றில் டிடிஆர்4. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்திலேயே எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று தெரியும். வகை தெரியவில்லையென்றால் பழைய ராமைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோவதே உத்தமம். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராமைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அங்கே கூட்ட வழியே இல்லை. ஆப்பிள் 2012இல் ரெட்டினா மேக்புக் புரோவிலேயே இதைச் செய்துவிட்டது, பிறகு மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள்.

மூன்றாவது சூடு. பிராசஸரின் வெப்பத்தை உலோகத் தகட்டுக்குக் கடத்த நடுவில் ஒரு பேஸ்ட் தடவியிருப்பார்கள். சில வருடங்களில் அது காய்ந்துவிடும். விசிறியின் வாயில் தூசு படிந்து ஒட்டடையாகிவிடும். பனியன் கம்பெனிக்குப் போய்வரும் லேப்டாப்புக்குப் பஞ்சுத் தூசு வேறு. சூடு அளவைத் தாண்டினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விசிறி எப்போதும் இரைந்துகொண்டே இருந்து, ஆன் செய்த அரை மணியில் எல்லாம் மந்தமானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சுத்தம் செய்து பேஸ்ட் மாற்ற அதிகம் ஆகாது.

பேட்டரி, ஒரு எச்சரிக்கையோடு

லித்தியம் பேட்டரிக்குப் பொதுவாக 300 முதல் 500 முழுச் சார்ஜ் சுற்றுகள் கணக்கு. அதற்குப் பிறகு புதிதில் பிடித்த அளவில் எண்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கத் தொடங்கும். விண்டோஸே பேட்டரி ரிப்போர்ட் ஒன்றை எடுத்துத் தரும். சர்வீஸ் செய்பவரிடம் கேட்டால் காட்டுவார். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது முதலாவதில் பாதிக்கும் கீழே என்றால் பேட்டரியின் வயது முடிந்துவிட்டது, லேப்டாப்பின் வயது அல்ல.

"எப்பவும் சார்ஜர்லதான் போட்டு வெச்சிருக்கேன். பேட்டரி எதுக்குங்க?" என்றார் அக்கா. கரண்ட் போகும் அந்த நொடிக்குத்தான். டேலியில் பதிவு போட்டுக்கொண்டிருக்கும்போது கணினி பட்டென்று அணைந்தால் டேட்டா பழுதாகும் வாய்ப்புண்டு. பத்து நிமிடம் தாங்கும் பேட்டரி இருந்தாலே, சேமித்துவிட்டு முறையாக மூடலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் யோசனைக்கே இடமில்லை. டச்பேடு மேலெழும்பி நிற்கிறது, அடிமூடி பிதுங்குகிறது, லேப்டாப் மேசையில் சமமாக உட்கார மறுக்கிறது என்றால் பேட்டரி வீங்கியிருக்கிறது. அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். சார்ஜ் போடக்கூடாது, அழுத்தக்கூடாது, குத்தக்கூடாது. அப்படியே சர்வீஸ் செய்பவரிடம் கொண்டுபோங்கள். வீங்கிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது.

எங்கே நிறுத்துவது?

இதுவரை சொன்னவை எல்லாம் தேயும் பாகங்கள். தனித்தனியாகக் கிடைக்கும், கழற்றி மாட்டலாம். போர்டில் பழுது என்றால் கதை வேறு. தண்ணீரோ டீயோ உள்ளே போனது, பவர் ஐசி போனது, கிராபிக்ஸ் சிப்பின் அடியில் பற்றவைப்பு விட்டுப்போனது போன்றவற்றுக்குச் சிப் லெவல் சர்வீஸ் என்று செய்வார்கள். சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களிலும் இதில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், நுண்ணோக்கியின் கீழே வைத்து உயிர் கொடுத்துவிடுவார்கள். ஆனால் ஓரிடத்தில் ஷார்ட் ஆன போர்டில் அடுத்து எங்கே போகும் என்று அவர்களாலும் உறுதி சொல்ல முடியாது. வாரண்டி பெரும்பாலும் சில வாரங்கள் அல்லது சில மாதங்கள். லேப்டாப்பில் உள்ள தகவலுக்காகவோ, அது விலையுயர்ந்தது என்பதற்காகவோ இந்தச் சர்வீஸை ஒருமுறை செய்யலாம். அதே போர்டு இரண்டாம் முறை போனால் கும்பிட்டு விட்டுவிடுவது நல்லது.

கீல் உடைந்தால் அதோடு மேல்மூடியின் பிளாஸ்டிக்கும் பிய்ந்திருக்கும். கீல் மலிவு, மூடி கிடைப்பதுதான் கஷ்டம். ஒரே இடத்தில் வைத்து ஓட்டுகிறவர் என்றால் உடைந்த கீலோடு, வெளி மானிட்டர் ஒன்றை எச்டிஎம்ஐயில் மாட்டிக்கொண்டு ஓட்டலாம்.

எந்தக் கடையில் கொடுத்தாலும் மூன்று வழக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். பழுது என்ன என்று பார்த்துச் சொன்னபிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். புதுப் பாகத்துக்கு வாரண்டியோடு பில் கேளுங்கள். நல்ல எஸ்எஸ்டிகளுக்கு மூன்று அல்லது ஐந்து வருட வாரண்டி உண்டு, பில் இல்லாமல் அதைக் கேட்டுப்போக முடியாது.

நம் கையில் இல்லாத வயது

இவ்வளவு கேட்டதும் அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப எஸ்எஸ்டி போட்டு, ராம் போட்டு, பேட்டரி மாத்திட்டா இன்னும் அஞ்சு வருசம் ஓடுமுங்களா?"

ஓடும். ஆனால் எதை வைத்து ஓட்டுவது என்பதுதான் அவர் விஷயத்தில் முட்டுக்கட்டை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அன்றைக்கு லேப்டாப் நின்றுவிடவில்லை, நிற்கவும் செய்யாது. ஆனால் புதிதாக ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் அதை அடைத்துத் தர ஆளில்லை. வீட்டு உபயோகக்காரர்கள் கூடுதல் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் உண்டு.

விண்டோஸ் 11க்குப் போகலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். ஏஎம்டி டெஸ்க்டாப் என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்து, லேப்டாப் என்றால் 3000 வரிசையிலிருந்து. தலைமுறையைக் கண்டுபிடிப்பது எளிது. ஐ5க்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 6200யூ என்றால் ஆறாம் தலைமுறை, 8250யூ என்றால் எட்டாம் தலைமுறை. எண் 1இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்கள். அக்காவுடையது 6200யூ. விதியை ஏமாற்றி விண்டோஸ் 11 ஏற்றும் குறுக்குவழிகள் இருக்கின்றன. ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. நாலு கம்பெனிகளின் பில்லும் வங்கிக் கணக்கும் இருக்கும் கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

இன்னொரு வழி லினக்ஸ். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் 'பாஸ்' லினக்ஸைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை இலவசம். ஆறாம் தலைமுறை ஐ5க்கு எஸ்எஸ்டியும் 8 ஜிபி ராமும் சேர்ந்தால் இவை சுகமாக ஓடும். பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் வந்துகொண்டிருக்கும். பிரௌசர், கடிதம், படிப்பு, நிரல் எழுதுவது எல்லாம் ஆகும். ஆனால் டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கான டிரைவர்களும் விண்டோஸையே முதலில் பார்க்கின்றன. தாக்கலுக்கான கடைசி நாளில் உட்காரும்போது டோக்கன் தெரியவில்லை என்றால் யாரிடம் போய் நிற்பது? ஆகவே அக்காவின் தொழிலுக்கு லினக்ஸ் ஒத்துவராது. அவர் மகன் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். அவனுக்கு ஒத்துவரும், சொல்லப்போனால் உதவும்.

ஆக அந்த லேப்டாப்பில் தேயும் பாகங்களின் வயது முடிந்திருக்கிறது, அதைப் புதுப்பிக்கலாம். போர்டின் வயது முடியவில்லை. விண்டோஸின் வயது முடிந்துவிட்டது, அதை நம்மால் புதுப்பிக்க முடியாது. இதே லேப்டாப் 2018இல் வாங்கிய எட்டாம் தலைமுறையாக இருந்திருந்தால் நான் இரண்டாவது டீக்கே போயிருக்க மாட்டேன். எஸ்எஸ்டி, ராம், பேட்டரி, விண்டோஸ் 11, வேலை முடிந்தது என்று எழுந்திருப்பேன்.

டெஸ்க்டாப்பின் நல்லதும் மறைந்த செலவும்

டெஸ்க்டாப்பின் பெரிய பலம், அதன் வயதுகள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதில்லை என்பது. உள்ளே மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் போனால் அதை மட்டும் மாற்றலாம். மானிட்டர் போனால் மானிட்டர் மட்டும். பிராசஸரைக்கூட மாற்றலாம். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் 2016இல் வந்தது. அதில் 2020இல் வந்த ரைசன் 5000 வரிசைப் பிராசஸர்களைப் பல பழைய போர்டுகளிலேயே பயாஸ் புதுப்பித்து மாட்ட முடிந்தது. லேப்டாப்பில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். உடம்புக்கும் நல்லது. 24 அங்குல மானிட்டரைக் கண் மட்டத்துக்கு வைத்து, டேலியை ஒரு பக்கமும் பில்லை ஒரு பக்கமும் திறந்துகொண்டு நிமிர்ந்து உட்காரலாம். நாள் முழுக்கக் குனிந்து கணக்கெழுதும் கழுத்துக்கு அது பெரிய விடுதலை.

ஆனால் கடையில் சொல்லும் விலை பெரும்பாலும் பெட்டியின் விலை. அதோடு மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ் வேண்டும். மீட்டிங் உண்டு என்றால் வெப்கேம். பல மலிவு மதர்போர்டுகளில் வைஃபை கிடையாது, தனியாக ஒரு டாங்கிள் வாங்க வேண்டும். விண்டோஸ் லைசென்ஸ் தனி. லேப்டாப்போடு வந்த விண்டோஸ் அந்த லேப்டாப்புக்கு மட்டுமே உரியது, புதுக் கணினிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அசெம்பிள் செய்யும்போது கிராக் விண்டோஸ் போட்டுத் தருகிறோம் என்பார்கள். பழைய விண்டோஸின் ஓட்டைக்குப் பயந்து புதுக் கணினி வாங்கிவிட்டு, அதில் யாரோ உடைத்த பூட்டை மாட்டுவதில் அர்த்தமில்லை.

அசெம்பிள் செய்வதென்றால் இரண்டு இடத்தில் ஏமாறக்கூடாது. ஒன்று, இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. 12400எஃப் மலிவாக இருக்கிறதே என்று எடுத்தால், தனியாகக் கிராபிக்ஸ் கார்டு போட்டால்தான் திரையில் படம் வரும். ஏஎம்டியிலும் ரைசன் 5600இல் கிராபிக்ஸ் இல்லை, 5600ஜியில் உண்டு. கணக்கு வேலைக்கு உள்ளேயே கிராபிக்ஸ் இருப்பது போதும். இரண்டு, கேபினெட்டோடு இலவசமாக வரும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸை நம்பாதீர்கள். அது போகும்போது மற்றதையும் இழுத்துக்கொண்டு போகக்கூடும்.

மின்சாரக் கணக்கையும் பார்த்துவிடலாம். சாதாரண வேலையில் லேப்டாப் சுமார் 30 வாட் இழுக்கும் என்றும், டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து சுமார் 90 வாட் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்றால் இரண்டு மாத ஈபி பில்லில் லேப்டாப்புக்கு 11 யூனிட், டெஸ்க்டாப்புக்கு 32 யூனிட். வித்தியாசம் 21 யூனிட். பெரும்பாலான வீடுகளுக்கு இது பொருட்டல்ல. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் விளிம்பில் நிற்கும் வீடுகள் மட்டும் யோசிக்க வேண்டும், ஏனென்றால் அதைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும்.

கரண்ட் போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 600 விஏ யுபிஎஸ் ஒன்று பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும், சேமித்து மூட அது போதும். வீட்டில் இன்வர்ட்டர் இருந்தாலும், கரண்ட் போய் அது எடுத்துக்கொள்ளும் இடைவெளியில் சில டெஸ்க்டாப்கள் ரீஸ்டார்ட் ஆகிவிடும். இன்வர்ட்டரில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள்.

இப்போது புதுசு வாங்குகிறவர்களுக்கு இன்னொரு சங்கடமும் சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. டிடிஆர்5, டிடிஆர்4 இரண்டும். எஸ்எஸ்டி விலையும் கூடவே ஏறியது. மெமரி தயாரிப்பில் உலகின் மூன்று பெரிய நிறுவனங்களில் ஒன்றான மைக்ரான், பொதுமக்களுக்கு விற்கும் தன் 'குருஷியல்' பிராண்டிலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே இன்று டெஸ்க்டாப் வாங்குகிறவர் தேவைக்கு மேல் ராம் போட்டு வாங்க வேண்டாம். 8 ஜிபி ஒற்றைக் குச்சியாக வாங்கி ஒரு ஸ்லாட்டைக் காலியாக விட்டால், விலை இறங்கும்போது இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம்.

நடுவில் ஒரு பாதை

புது டெஸ்க்டாப், பழைய லேப்டாப் இரண்டுக்கும் நடுவே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பெரிய அலுவலகங்கள் சில வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும் குட்டி டெஸ்க்டாப்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி, லெனோவோ திங்க்சென்டர் டைனி என்ற பெயர்களில் ரிஃபர்பிஷ்டு கடைகளில் கிடைக்கும். ஒரு தடித்த புத்தகத்தின் அளவுதான். லேப்டாப் அடாப்டரைப் போன்ற ஒன்றில் ஓடும், மின்சாரமும் குறைவு. வாங்கும்போது எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ என்று பார்த்து, விண்டோஸ் ஒரிஜினலா, வாரண்டி எத்தனை மாதம் என்று கேட்டு வாங்க வேண்டும். இவற்றில் போடுவது லேப்டாப் வகை ராம். வகை ஒத்துப்போனால் லேப்டாப்புக்கு வாங்கியதை இதற்கு மாற்றிக்கொள்ளவும் முடியும்.

இதிலிருந்து ஒரு விதி வருகிறது. முடிவெடுக்க முடியாமல் தவிக்கும்போது, இரண்டு பக்கமும் செல்லுபடியாகும் பொருளுக்கு முதலில் செலவு செய்யுங்கள். மானிட்டர் இன்று லேப்டாப்போடு ஓடும், நாளை டெஸ்க்டாப்புக்குப் போகும். கீபோர்டும் மவுஸும் அப்படியே. இரண்டரை அங்குல எஸ்எஸ்டி பெரும்பாலான டெஸ்க்டாப்களில் இரண்டாவது டிஸ்க்காக உட்காரும். பேட்டரியும் கீலும் போர்டு சர்வீஸும் அந்த லேப்டாப்போடு முடிந்துபோகும் செலவு. லேப்டாப் எங்கே போகப்போகிறது என்று தெரிந்த பிறகே அவற்றில் கை வைக்க வேண்டும்.

அக்காவுக்குச் சொன்னது

முதலில், எதையும் தொடும்முன், டேலி டேட்டாவையும் படங்களையும் இரண்டு இடத்தில் நகல் எடுக்கச் சொன்னேன். பத்து வருட ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வரத் தொடங்கினால் அதற்குப் பிறகு தகவலை மீட்கும் செலவு பெரும்பாலும் லேப்டாப்பின் விலையைத் தாண்டிவிடும். டிஸ்க்கின் நலத்தைச் சொல்லும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் உண்டு. அது நீலத்தில் 'குட்' என்று காட்டினால் தற்போதைக்குப் பயமில்லை, மஞ்சளில் எச்சரித்தால் அன்றே நகல்.

அடுத்து எஸ்எஸ்டி. பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து மாட்டினால் டேலியும் மற்றதும் இருந்தபடியே இருக்கும், மறுபடி நிறுவத் தேவையில்லை. கூடவே விசிறி சுத்தம், பேஸ்ட், ஒரு 24 அங்குல மானிட்டர், விண்டோஸ் 10 கூடுதல் புதுப்பிப்பில் பதிவு. இதோடு 2026 அக்டோபர் வரை வேலை தடையில்லாமல் ஓடும். அதற்குள் நல்ல ரிஃபர்பிஷ்டு மினியோ புது டெஸ்க்டாப்போ அவசரமில்லாமல் தேடலாம். அது வந்ததும் டேலி அங்கே போகும், மானிட்டரும் அங்கே போகும். எஸ்எஸ்டியோடு லேப்டாப் மகனிடம் போகும், லினக்ஸோடு. பேட்டரியை அப்போது மாற்றினால் போதும், தூக்கிக்கொண்டு கல்லூரிக்குப் போகப்போவது அவன்தானே.

"ரெண்டும் செலவுதானுங்களே தம்பி?" என்றார். செலவுதான். ஆனால் இந்த வரிசையில் போனால் எந்தப் பணமும் இரண்டு முறை போகாது. கடைக்காரர் சொன்னபடி இன்றே மொத்தமாக வாங்கினால், சரியாகிவிடக்கூடிய லேப்டாப் ஒன்று மூலையில் கிடக்கும், மகனுக்கு இன்னொன்று வாங்க வேண்டிவரும்.

கடைசியாக, உங்கள் லேப்டாப் உண்மையிலேயே போய்விட்டால் காயலாங்கடைக்கு எடைக்குப் போடாதீர்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி மறுசுழற்சிப் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது, பதிவுபெற்ற மறுசுழற்சி செய்பவர்களிடம்தான் அது போய்ச் சேர வேண்டும். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். கோப்பை டெலீட் செய்தால் பெயர்தான் போகும், தகவல் அங்கேயே இருக்கும். நல்ல நிலையில் இருந்தால் ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு நகல் வைக்கப் பயன்படுத்துங்கள். அடுத்த முறை யாராவது "பழசாயிருச்சு, தூக்கிப் போடுங்க" என்று சொன்னால், எந்தப் பாகம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் சரிசெய்யக் கொடுக்கலாம், புதுசும் வாங்கலாம்.